சி மொழிக்கு மாறினால் போதுமா?
1 முதல் 20,000 வரையுள்ள எண்களுக்குத் தகு வகுஎண்கள் (ஒரு எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள், அந்த எண்ணைத் தவிர்த்து) காண பைத்தான் நிரல்மொழி தாங்காது, வேகமான சி மொழிக்கு மாறுங்கள் என்கிறது இந்தக் கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு எண்ணையும் அதன் பாதிவரை வகுத்துப் பார்த்தால் சுமார் 10 கோடி வகுத்தல். எந்த மொழியில் எழுதினாலும் அது வீண்வேலைதான். நான் தலைகீழாகப் போனேன்: 7 என்றால் 14, 21, 28 என்று தாவித் தாவி, ஒவ்வொன்றின் பட்டியலிலும் 7-ஐப் போட்டுக்கொண்டே போவது. மொத்தம் 2 லட்சம் சேர்ப்புகூட ஆகவில்லை, பைத்தானே சட்டென்று முடித்துவிட்டது. அதிகபட்சம் 79 வகுஎண்கள், 15120-க்கு (18480-க்கும் அதே 79தான்). வகுஎண்கள் ஜோடியாக வருவதால் வர்க்கமூலம் வரை போனாலே போதும் என்று மேலே கருத்துப்பகுதியில் ஒருவர் நிரல் போட்டிருக்கிறார். சரி, ஆனால் அதில் 36-க்கு (6 × 6 என்பதால்) 6 இரண்டு முறை விழும். அப்புறம், 1-க்குப் பட்டியல் காலியாக இருக்கவேண்டும். அவருடையதில் 1 வந்து உட்கார்ந்திருக்கிறது.