கிறீன் ரீ கசக்கிறது தேயிலைட குத்தமில்ல, கேத்தல்ட குத்தம்

கச்சான் காத்து வெக்கையில சூடா ஒண்டு குடிக்கிறதப் பத்தி எழுதுறன் எண்டு சிரிக்க வேணாம். போன ஞாயிறு மச்சாள் ஒராள் வீட்ட வந்தவ, தேத்தண்ணி வேணாம், நான் இப்ப கிறீன் ரீ மட்டும்தான் எண்டா. சரியெண்டு ஊத்திக் குடுத்தன். ஒரு மிடறு குடிச்சிட்டு கோப்பைக்குள்ள எட்டிப் பாத்து, "என்ன இது, கசக்கவே இல்ல, இதுல சத்து இரிக்கா?" எண்டு கேட்டா பாருங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

நம்மட ஆக்கள் இதக் கசாயமாத்தான் வெச்சிருக்காங்க. மூக்கப் பொத்திக் குடிக்கணும், கசந்தாத்தான் கொழுப்புக் கரையும். நானும் அப்பிடித்தான் தொடங்கினன், 3 வருசத்துக்கு முதல் கிளினிக்ல சுகர் கரையில நிக்குது எண்டு சொன்ன அண்டு வரக்குள்ளயே ஒரு பெட்டி ரீ பேக் வாங்கி, கேத்தல்ல கொதிக்கக் கொதிக்க ஊத்தி, பேக்க உள்ளுக்கயே ஊறவிட்டு, போன் பாத்து முடியக் குடிச்சன். பெத்தா ஒரு வாய் வாங்கிப் பாத்திட்டு, "இது என்ன மனே, வேப்பங்கொத்து அவிச்ச தண்ணியா" எண்டு மிச்சத்த முத்தத்துல ஊத்திட்டா. பெத்தா சொன்னது சரிதான். நான் அவிச்சுத்தான் இரிந்தன்.

விசயம் இதுதான். பிளேன்ரீக்குப் போடுற தேயிலையும் இதுவும் ஒரே செடி. கொழுந்த வாட்டி, உருட்டி, காத்துப்பட வெச்சு கறுக்க விட்டா நம்மட தேயிலை. பறிச்ச கையோட சூடு காட்டி கறுக்கவிடாமத் தடுத்தா கிறீன் ரீ, யப்பான்காரர் பெரும்பாலும் ஆவியில காட்டுவாங்க, சீனாக்காரர் சட்டியில வறுப்பாங்க. 1867ல லூல்கந்துர தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட காலத்துல இருந்து இலங்கை கறுத்த தேயிலை நாடுதான், அதனால நம்மட கைப்பழக்கமும் அதுக்குத்தான், நல்லாக் கொதிக்கணும், சாயம் இறங்கணும், சீனி போடணும். கறுத்த தேயிலைக்கு அது சரி. கறுக்காத இலைக்குள்ள கேட்டெச்சின் எண்ட துவர்ப்புச் சாமான் அப்பிடியே இரிக்கும், கொதிதண்ணி பட்டா அதுவும் கெஃபீனும் ஒரேயடியா இறங்கி நாக்கு சுருண்டுபோகும்.

தண்ணிட சூடு 70ல இருந்து 80 பாகை, ஊற 2 நிமிசம், கூடினா 3. அவ்வளவுதான். வீட்டுல தெர்மோமீட்டர் யாரிட்ட இரிக்கு எண்டு கேப்பீங்க. எனக்கிட்டயும் இல்ல. நம்மட ஊர்ல ஆறவெச்ச தண்ணி எண்டாலே 30 பாகை கிட்ட நிக்கும், அதுல ஒரு பங்க முதல்ல இலைக்கு மேல ஊத்திட்டு கொதிதண்ணி ரெண்டு பங்கு ஊத்தினா 77 கிட்ட வரும், மூணு பங்கு ஊத்தினா 80 கொஞ்சம் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்க. நான் ரெண்டு பங்கோட நிப்பாட்டுவன். ஒரு கோப்பைக்கு 2 கிராம், ஒரு சின்னக் கரண்டி. மறுகா வடிச்சிரணும், இலைய உள்ளுக்கயே விட்டிட்டு கதைக்கப் போகக்கூடாது.

தண்ணியும் ஒரு விசயம். வாவிக் கரையோரக் கிணத்துத் தண்ணியில ஊத்தினா மேல ஆடை மாதிரி ஒரு படலம் கட்டுது, மணமும் இல்ல. உங்கட கேத்தல் அடியில வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சிருந்தா அந்தத் தண்ணி இதுக்குச் சரிவராது. பைப் தண்ணிய ஒரு சட்டியில பிடிச்சு கொஞ்ச நேரம் மூடாம வெச்சு குளோரின் மணம் போக விட்டு எடுங்க.

வாங்கிறதுக்கு வாறன். ரீ பேக் எனக்குப் பிடிக்காது, மலிஞ்ச பேக் எண்டால் உள்ளுக்க இரிக்கிறது பெரும்பாலும் இலைட தூள்தான், தூள் பட்டெண்டு கசந்திரும். உதிரி இலை வாங்குங்க. கன்பவுடர் எண்டு ஒண்டு விக்கிறாங்க, மிளகு மாதிரி இறுகின உருண்டை, தண்ணி ஊத்திக் கொஞ்ச நேரத்துல ஒவ்வொண்டா அவிழ்ந்து, ஓரத்துல வாள்பல்லு வெச்ச இலை அப்பிடியே விரியும். முதல் நாள் நான் கண்ணாடிக் கோப்பையில போட்டு சின்னப் புள்ள மாதிரி பாத்துக்கொண்டு இரிந்தன், வீட்ட எல்லாரும் சிரிச்சாங்க. நமக்கு மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில பஸ் ஏறினா ஊவா மலைப் பக்கம் பதுளை, ஆள் போய்வரக்குள்ள சொல்லி விடுவன். இந்தக் கச்சான்தான் மேற்குப் பக்கம் மழையக் கொட்டிட்டு காஞ்சுபோய் மலை தாண்டி வந்து, ஆடி ஆவணியில ஊவாத் தேயிலைக்கு அந்த மணத்தக் குடுக்கிறது, அது கறுத்த தேயிலைக்குப் பேர்போன மணம், கிறீன் ரீக்கு இல்ல. எண்டாலும் நம்மள வறுத்தெடுக்கிற காத்து அங்க போய் நல்ல பேர் வாங்குதெண்டு நினைக்க கொஞ்சம் எரியுது.

பெரிய பக்கட் வாங்காதீங்க. நம்மட கடக்கரைக் காத்து ஈரம், ஒரு மாசத்துல இலை மணம் செத்துப்போகும். தேயிலை பக்கத்துல இரிக்கிறதிட மணத்த எல்லாம் இழுக்கும். கருவாட்டு டப்பா வெச்ச தட்டுல நான் ஒருக்கா வெச்சிட்டன். மறுகா நடந்தத எழுதல்ல.

"ஸ்லிம்" எண்டு எழுதின பெட்டியக் கண்டா தயவுசெய்து பின்பக்கத்தத் திருப்பி வாசிங்க. மச்சாள்ட பெட்டிய நான் வாசிச்சன், கிறீன் ரீயோட சென்னா எண்டு இரிந்திச்சு. அது வேற ஒண்டுமில்ல, நிலவாகை, வயிறு இளகுறத்துக்குக் குடிக்கிறது. காலையில ரெண்டு தரம் கக்கூசுக்கு ஓடினா தராசுல பாரம் குறையத்தான் செய்யும், கொழுப்பு இரிந்த இடத்துலதான் இரிக்கும். ஆசை காட்டி விக்கிற கிறீன் ரீ குளிசையும் வேணாம், 2018ல ஐரோப்பாட உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஆராய்ஞ்சு, ஈஜீசீஜீ எண்ட கேட்டெச்சின் வகைய நாளைக்கு 800 மில்லிகிராம் அளவுக்கோ கூடவோ குளிசையா எடுத்தா ஈரலுக்கு ஆபத்து வரலாம் எண்டு சொன்னது. ஊத்திக் குடிக்கிறதுக்கு பொதுவா அந்தப் பயம் இல்ல. இரத்தம் குறைஞ்ச பொம்பிளையள் மட்டும் சோறு தின்ட கையோட குடிக்காதீங்க, கீரை பருப்புல இரிக்கிற இரும்புச்சத்த உடம்பு எடுக்கிறதக் குறைச்சிரும், ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்க. பிளேன்ரீக்கும் இதே கதைதான்.

என்ட சுகர் இதால குறைஞ்சதா எண்டு கேட்டா, ரெண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி நாலு கோப்பை நிண்டுபோச்சு, அதால குறைஞ்சிருக்கும். பெத்தாக்கு இப்ப அதே இலையில ரெண்டாந்தரம் ஊத்தினதுதான் விருப்பம், துவர்ப்பு இன்னும் குறைவு, பனங்கட்டித் துண்டு கடிச்சுக்கொண்டு குடிக்கிறா. அவவுக்கிட்ட சுகர் கதை எடுபடாது.

மச்சாள் போகக்குள்ள ஒரு சின்னப் போத்தல்ல கொஞ்சம் இலை போட்டுக் குடுத்து விட்டன். நேத்து போன் எடுத்து, "நீங்க தந்ததும் கசக்குதே, அப்ப நல்ல சாமான்தான்" எண்டா. கேத்தல்ல இருந்து நேர ஊத்தினீங்களா எண்டு கேட்டன்.

கொதிக்கக் கொதிக்க ஊத்தினாவாம், பத்து நிமிசம் மூடியும் வெச்சாவாம்.