முடியாது என்றாவது எழுதிக் கொடுங்கய்யா

எங்கள் ஊர் அலுவலகத்தில் கட்டட அனுமதி கேட்டு வீட்டு வரைபடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே யாரும் முடியாது என்று சொல்வதில்லை. ‘ரிட்டர்ன்’ என்பார்கள். மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போகலாம். ரிட்டர்ன் ஆன மனுவை வைத்துக்கொண்டு எங்கே போவது? அது செத்ததும் இல்லை, உயிரோடு இருப்பதும் இல்லை. நம் மனுவாகவே திரும்பி வந்து, நம் தலையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

நான் கேட்டது மாளிகை இல்லை. எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டு, பதிவான பாகப்பிரிவினைப் பத்திரப்படி அப்பச்சிக்கு வந்த பங்கு. ஓடு சரிந்து, உத்தரம் இற்று, உள்ளே நாயுருவி முளைத்துக் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு, பின்தெருவைப் பார்க்க வாசல் வைத்து, ஆத்தா படியேறாமல் இருக்க ஒரு தரைத்தள வீடு. ஹால், இரண்டு அறை, உள்ளேயே குளியலறை. அவ்வளவுதான்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரையும் முதல் மாடியும் மட்டும் என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி. என் மைத்துனர் காரைக்குடிக்கு வெளியே புது லேஅவுட்டில் மனை வாங்கியிருந்தார். உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிவிட்டார். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வெறும் பொட்டல் மனைக்குத் தைத்த சட்டை. செட்டிநாட்டு வீடு அதில் எங்கே நுழையும்? முன்தெருவில் முகப்பு, அப்புறம் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று நீண்டு பின்தெருவில் போய் முடிகிற வீடு. முழுதும் ஒரே சர்வே எண், ஒரே கூட்டுப் பட்டா. என் பங்கு சின்னதுதான். கம்ப்யூட்டர் பார்ப்பது மொத்தப் பரப்பை. சரி, போ பழைய வழிக்கு.

பழைய வழியும் ஆன்லைன்தான், பெயருக்கு. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, அதையே பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொல்வார்கள். போனால் என் வரைபடத்தின் இரண்டு பக்கச் சுவர்மேலும் சிவப்பு மையில் கோடு. ‘செட்பேக் காட்டவும்.’ அதாவது, சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவில் விட வேண்டிய காலி இடம். ஐயா, அது பொதுச்சுவர். இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் பங்காளி வீடு, நடுவில் இரண்டடிக் கனத்தில் சுண்ணாம்புச் சுவர். எந்த இடத்தில் காலி விடுவது, சுவருக்குள்ளேயா? சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டுவதற்குத் தொடர் கட்டடப் பகுதி என்று விதிகளிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதைச் சொன்னேன். “அதெல்லாம் இந்த ஏரியாவுக்கு அறிவிக்கலை சார்” என்றார் அதிகாரி. தெருவே நூறு வருஷமாக ஒட்டி ஒட்டித்தான் நிற்கிறது, கொஞ்சம் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும்.

அடுத்த ரிட்டர்ன்: பழைய கட்டடத்தின் அனுமதி வரைபடத்தை இணைக்கவும். இதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. காரைக்குடியே நகராட்சி ஆனது 1928இல். எங்கள் வீடு கட்டும்போது இந்த ஊரில் அனுமதி கேட்கவும் ஆள் இல்லை, கொடுக்கவும் அலுவலகம் இல்லை. கொத்தனார் கரியால் தரையில் போட்ட கோட்டை எங்கே போய்ச் சான்றொப்பம் வாங்குவது?

இந்தக் கேள்விகளையெல்லாம் முதல் நாளே ஒரே தாளில் கேட்டுத் தொலைத்திருக்கலாம். மாட்டார்கள். ஒன்றுக்குப் பதில் கொடுத்தால்தான் அடுத்தது முளைக்கும். இடையில் ஆள் மாறுவார், புது ஆள் முதலிலிருந்து பார்ப்பார்.

இதே ஊரில் முழு வீட்டையும் இடித்துத் தள்ளுகிறவனை யார் என்ன கேட்டார்கள்? பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் கதவும் லாரியில் ஏறி காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்று மேடையில் மைக் பிடிக்கிறோம். வீட்டை நிற்க வைத்து, அதில் குடியிருக்க நினைக்கிறவனுக்கு சிவப்பு மை.

மனை வியாபாரத்துக்கு மட்டும் சட்டம் எவ்வளவு இளகிய மனசு பாருங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதி வந்தது, கெடுவும் திரும்பத் திரும்ப நீண்டது. ஏமாந்து வாங்கியவர்கள் பாவம், அவர்களுக்கு வழி வேண்டும்தான். ஆனால் ஊரணிக்குப் போகும் வரத்துக்கால்வாயை மூடி மனைக்கல் ஊன்றுகிறவனிடம் காட்டும் பொறுமையில் கால்வாசியை, பாட்டன் வீட்டுப் பின்கட்டில் கக்கூஸ் கட்டுகிறவனிடமும் காட்டக்கூடாதா? மன்றக் கூட்டம் நடக்கும்போது எங்கள் வார்டு உறுப்பினரைப் பேசச் சொன்னேன். “அது அதிகாரிங்க வேலை அண்ணே” என்றார். அதிகாரியைக் கேட்டால் “விதி சார்” என்கிறார். விதிதான், என் தலைவிதி.

இப்போது கடைசியாக வந்திருப்பது: பட்டாவை உட்பிரிவு செய்து கொண்டுவரவும். தாலுகா அலுவலகத்தில் கேட்டால், பாகப்பிரிவினைப் பத்திரம் பழசு, கூட்டுப் பட்டாவில் இருக்கிற எல்லாருடைய சம்மதக் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். பட்டாவில் பாதிப் பேர் காலமாகிவிட்டார்கள். வாரிசுகள் சென்னை, கோயம்புத்தூர், பினாங்கு என்று சிதறிக் கிடக்கிறார்கள். பங்கு பிரித்து சண்டை சச்சரவு இல்லாமல் இத்தனை காலம் ஓடிய குடும்பம் எங்களுடையது. வேறு வழியில்லாமல் பினாங்கு அண்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்: “ஏப்பா, கவர்மெண்டே என் கையெழுத்துக் கேக்குதுன்னா, அந்தப் பின்கட்டுல எனக்கும் பங்கு இருக்குன்னுதானே அர்த்தம்?”