எல்லா பிள்ளைக்கும் போடணும்
"வசதியில்லாத பிள்ளைங்களுக்கு மட்டும் ஸ்கூல்ல சாப்பாடு போட்டா போதாதா"ன்னு ஸ்கூல் சாப்பாடு பத்தி நான் படிச்ச ஒரு கட்டுரைல ஒரு கேள்வி வருது. நான் மும்பை தாராவில இருக்கேன், இங்க யாரு வசதி யாரு இல்லன்னு எப்படிங்க பிரிப்பீங்க? பிஎம் போஷண்ங்கிற மத்திய அரசோட மதிய உணவுத் திட்டத்துல சாப்பாடு கவர்மெண்ட், எய்டட் ஸ்கூல்ல 8வது வரைக்கும்தான், ஆனா எங்க தெருவுல நிறைய பேரு இங்கிலீஷ் மீடியம்னு கடன வாங்கி சின்ன பிரைவேட் ஸ்கூல்ல போட்டிருக்காங்க, அப்பா பட்டறையில, அம்மா காலைல 6 மணிக்கே வீட்டு வேலைக்கு கிளம்பிடுவாங்க, பிள்ளை கைல 10 ரூபா, அதுல ஒரு பிஸ்கட் பாக்கெட், அவ்ளோதான் மத்தியானம் வரைக்கும். 9வது போனா பசி நின்னுடுமா என்ன, வளர்ற வயசே அப்பதான!

நம்ம தமிழ்நாட்டுல காமராஜர் 1956லயே மதிய உணவு கொண்டுவந்தார், எம்ஜிஆர் 1982ல சத்துணவா பெருசாக்கினார், 2022ல இருந்து காலை உணவும் வந்துருச்சு. எங்க அக்கா திருநெல்வேலி பக்கம் சத்துணவு சாப்பிட்டுதான் 10வது முடிச்சா, எல்லாரும் ஒரே வரிசைல தட்டோட உக்காருவாங்க, ஏழைன்னு யாரையும் தனியா கூப்பிட மாட்டாங்க, அதனாலதான் கூச்சமில்லாம சாப்பிட்டேன்னு இன்னிக்கும் சொல்லுவா. மும்பைலயும் காலைல ஒரு உப்புமாவாவது போடுங்க, 9, 10வது பிள்ளைங்களையும் சேத்து.