குளிர்ந்த நீர் ஏன் மூழ்கவில்லை?

நேற்று மாலை சமையலறை மேடையில் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தை வைத்து, லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் கரைத்த தண்ணீரால் நிரப்பினேன். கடல்நீரின் உப்பு ஏறத்தாழ அந்த அளவுதான். பீட்ரூட் வேகவைத்த சிவப்புத் தண்ணீரை இரண்டு டம்ளர்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் அதே அளவில் உப்புப் போட்டு, இரண்டையும் முன்பே பிரிட்ஜில் வைத்திருந்தேன். உப்புப் போட்டதைக் கரண்டியின் முதுகில் மெல்லச் சாய்த்தபோது, அது நூல் நூலாக இறங்கி அடியில் படுகையாகப் பரவியது. உப்பில்லாததைச் சாய்த்தேன். அது மேலேயே பரவி நின்றது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் குனிந்து பார்த்துவிட்டு, “இதுவும் ஜில்லுன்னுதானே இருக்கு, இது ஏம்பா கீழே போகல?” என்றாள்.

வட அட்லாண்டிக்கைப் பற்றி அறிவியலாளர்கள் கொண்டிருக்கும் கவலை முழுவதும் அவளுடைய கேள்விக்குள் இருக்கிறது. வெப்பமண்டல வெயிலில் நீர் ஆவியாகி உப்புக் கூடிய மேல்நீர் அங்கே வடக்கு நோக்கிப் போகிறது. போகும் வழியெல்லாம் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே சென்று, கிரீன்லாந்தின் இருபுறமும் உள்ள லாப்ரடார், இர்மிங்கர் கடல்களையும் நார்வேயை ஒட்டிய கடல்களையும் அடையும்போது, குளிராலும் உப்பாலும் கனத்து ஆழத்துக்கு இறங்குகிறது. இறங்கிய நீர் ஆழ்கடல் வழியாகத் தெற்கே ஊர்ந்து சென்று மறுபடி மேலே வரப் பல நூற்றாண்டுகள் ஆகும். மேலே வடக்காகவும் கீழே தெற்காகவும் ஓடும் இந்தப் பெருஞ்சுழற்சியை ‘ஏமாக்’ என்ற ஆங்கிலச் சுருக்கப் பெயரால் குறிப்பிடுகிறார்கள். அதன் சராசரி ஓட்டம் நொடிக்கு ஏறத்தாழ 1.7 கோடி கன மீட்டர், அதாவது 60 கோடி கன அடி. 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள நம் மேட்டூர் அணையை நிரப்ப அதற்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரம் போதும்.

இப்போது அங்கே இரண்டாவது டம்ளரின் நீர் கூடிக்கொண்டே வருகிறது. 2002 முதல் செயற்கைக்கோள்கள் கணித்திருப்பதன்படி, கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழந்துவருகிறது. உருகி வரும் அந்த நீர் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அதில் உப்பு இல்லாததால் அது மூழ்குவதில்லை. மூழ்க வேண்டிய நீரின் மேல் ஒரு மூடியைப் போலப் படிந்துவிடுகிறது. காற்றும் சூடாகிவிட்டதால், மேல்நீர் தன் வெப்பத்தை முன்புபோல எளிதில் இழப்பதில்லை. என்னை மிகவும் அச்சுறுத்துவது இதற்கு அடுத்த கட்டம். சுழற்சி தளர்ந்தால் வடக்கே வந்து சேரும் உப்பும் குறைகிறது. உப்புக் குறைந்தால் நீர் மூழ்குவது இன்னும் குறைகிறது. அதனால் சுழற்சி மேலும் தளர்கிறது. இத்தகைய ஓட்டத்துக்கு வலுவான நிலை, வலுவிழந்த நிலை என இரண்டு நிலையான நிலைகள் இருக்க முடியும் என்பதையும், ஓர் எல்லையைத் தாண்டினால் அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சரிந்துவிடக்கூடும் என்பதையும் அமெரிக்கக் கடலியலாளர் ஹென்றி ஸ்டோமெல் 1961-லேயே எளிய கணக்கில் காட்டிவிட்டார்.

நம் செய்தித்தாள்களும் யூடியூப் காணொளிகளும் இதைச் சொல்லும் விதத்தில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ‘வளைகுடா நீரோட்டம் நிற்கப்போகிறது, ஐரோப்பா உறையப்போகிறது’ என்றுதான் பெரும்பாலும் தலைப்பு வருகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் வளைகுடா நீரோட்டத்தைப் பெரும்பாலும் காற்றும் பூமியின் சுழற்சியும் செலுத்துகின்றன. காற்று வீசும்வரை, பூமி சுழலும்வரை அது நிற்காது. நலியக்கூடியது அதனோடு சேர்ந்து ஓடும் மேல்கீழ்ச் சுழற்சி. வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தவறான பெயரைச் சொல்லி அச்சமூட்டினால், நாளை யாரேனும் “வளைகுடா நீரோட்டம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது” என்று காட்டும்போது மக்கள் மொத்தத்தையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள்.

அந்த நீரோட்டத்தை வரைபடத்தில் ஏற்றிய கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வரும் அஞ்சல் கப்பல்கள் ஏன் அவ்வளவு தாமதமாகின்றன என்ற கேள்வி, அன்று அமெரிக்கக் குடியேற்றங்களின் அஞ்சல் துறையைக் கவனித்துவந்த பெஞ்சமின் பிராங்க்ளினிடம் வந்தது. விடை சொன்னவர் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த திமோதி ஃபோல்ஜர் என்ற கப்பல் தலைவர். திமிங்கில வேட்டையில் அந்த நீரோட்டத்தின் விளிம்பை நாள்தோறும் பார்த்தவர்களில் ஒருவர். அவர் வரைந்து கொடுத்ததைப் பிராங்க்ளின் 1769 வாக்கில் அச்சிட்டார். பிரிட்டிஷ் மாலுமிகளோ அதைப் பெரிதாக மதிக்கவில்லை.

இன்றைய சர்ச்சைக்கு வருகிறேன். நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டிச் சுழற்சி சரியக்கூடும் என்று 2023-இல் ஒரு டென்மார்க் ஆய்வு சொன்னது. ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை, இந்த நூற்றாண்டில் அது வலுவிழப்பது பெரும்பாலும் உறுதி என்றும், 2100-க்குள் திடீரெனச் சரியாது என்பதில் தனக்கு மிதமான நம்பிக்கை உண்டு என்றும் எழுதியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 15 விழுக்காடு தளர்ந்துவிட்டது என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கடந்த அறுபது ஆண்டுகளில் அப்படிக் குறையவில்லை என்று 2025-இல் இன்னோர் ஆய்வு மறுத்தது. இதைக் காட்டி, அறிவியலாளர்களுக்கே எதுவும் தெரியாது என்று சிலர் எழுதுகிறார்கள். அது நேர்மையற்ற வாதம். இந்த மதிப்பீடுகள் கடலின் மேற்பரப்பு வெப்பநிலை போன்ற மறைமுகத் தடயங்களிலிருந்து பெறப்பட்டவை. சுழற்சி முழுவதையும் நேரடியாக, இடைவிடாமல் அளக்கத் தொடங்கியதே 2004 ஏப்ரலில்தான். 26.5 பாகை வடக்கு அட்சக்கோட்டில் பஹாமாவிலிருந்து ஆப்பிரிக்கக் கரைவரை கருவிகளை நங்கூரமிட்டு வைத்திருக்கும் ‘ராபிட்’ திட்டம் அது. ஆழத்தில் கிடக்கும் அந்தக் கருவிகளைக் கப்பலில் போய் மேலே எடுத்து, எண்களை இறக்கிக்கொண்டு, பழுதுபார்த்து மறுபடி இறக்குகிறார்கள். ஃப்ளோரிடா நீரிணையைக் கடக்கும் ஓட்டத்தையோ 1982 முதல் ஒரு தொலைபேசிக் கம்பிவடம் சொல்லி வந்திருக்கிறது. உப்புநீர் பூமியின் காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு ஓடும்போது அந்த வடத்தில் உண்டாகும் மின்னழுத்தத்தை அளந்துவந்தார்கள்.

ராபிட் அளவீட்டால்தான் 2009–10-இல் சுழற்சி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. அதே காலத்தில் நியூயார்க்குக்கு வடக்கே உள்ள கரையில் கடல்மட்டம் சுமார் 13 சென்டிமீட்டர் உயர்ந்தது. பிறகு சுழற்சி மீண்டுவிட்டது. ஆகவே ‘எந்த ஆண்டு நிற்கும்’ என்ற கேள்வியையே பிடித்துக்கொண்டிருப்பது தவறு என்பது என் கருத்து. முழுதாகச் சரியாமல் தளர்ந்தாலே கரையோரத்தில் வாழ்பவர்கள் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. வட அட்லாண்டிக் குளிர்ந்துபோன பழங்காலக் கட்டங்களில் நம் தென்மேற்குப் பருவமழை நலிந்திருந்ததை அரபிக்கடலின் அடிவண்டல் காட்டுகிறது. சுழற்சி சரிந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும் என்றே கணினி மாதிரிகளும் சொல்கின்றன. காவிரியின் நீர்வரத்துக்குக் குடகு மலையில் பெய்யும் அந்த மழையை நம்பியிருப்பவர்கள் நாம். எனவே கடலை அளக்கும் பணிக்கான பணத்தை எந்த அரசும் முதலில் வெட்டக்கூடிய செலவாக எண்ணக்கூடாது என்று மனதார வேண்டுகிறேன். வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் மிதவைகளை நிறுத்திப் பராமரிப்பது சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். படகுகளைக் கட்டுவதாலும் பாகங்களைக் கழற்றி எடுப்பதாலும் அந்த மிதவைகள் அடிக்கடி சேதமாகின்றன. இதைப் படிக்கும் மீனவ நண்பர்கள், தங்கள் ஊர்க் கூட்டங்களில் இதைப் பற்றி ஒருமுறை பேசவேண்டும். ஒரு மிதவை அறுந்துபோனால், அந்த மாதத்துக் கடலின் எண்களை அதன்பின் எவராலும் எடுக்க முடியாது.