மனநல ஆலோசகருக்கு வாரத்தில் அரை நாள்

மனநலத் துறைக் கருத்தரங்கு எதற்குப் போனாலும் கோவா ஆய்வைப் பற்றி ஒருவராவது பேசாமல் இருப்பதில்லை. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் கோவாவின் சங்கத் தொண்டு அமைப்பைச் சேர்ந்தவர்களும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தி, 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு மருத்துவரின் வழக்கமான சிகிச்சையை மட்டும் தந்தார்கள். மறு சாராருக்கு அதனுடன், மனநலம் படித்திராத உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு 6 முதல் 8 அமர்வுகள் ஆலோசனையும் தந்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 39 விழுக்காட்டினரும் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். மனநல மருத்துவர்கள் போதாத நாட்டில் இது பெரிய செய்தி என்பதில் ஐயமில்லை. 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி மனச்சோர்வு, பதற்றம் போன்ற பாதிப்புகள் உள்ளவர்களில் 100-க்கு ஏறத்தாழ 85 பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை.

ஆனால் இந்த ஆய்வை மேற்கோள் காட்டித் திட்டம் தீட்டுகிறவர்கள் அதில் ஒரு பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து. 'படித்தவர் தேவையில்லை, சில வாரப் பயிற்சி போதும்' என்ற பாதி செலவைக் குறைப்பதால் உடனே பிடித்துப்போயிற்று. அந்த ஆலோசகர்கள் வாரந்தோறும் கூடி, தம் அமர்வுகளின் ஒலிப்பதிவைச் சேர்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் இட்டு, திருத்திக்கொண்டார்கள், அதாவது ஒருவரை ஒருவர் மேற்பார்வை செய்தார்கள் என்ற மறு பாதி, கருத்தரங்கின் படவில்லைகளில்கூடப் பெரும்பாலும் வருவதில்லை.

அந்தக் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் மதிப்பு விளங்கும். கோவாவில் கையாண்ட முறையின் சாரம் எளிமையானது: மனம் சரியான பிறகு வேலைகளைத் தொடங்கலாம் என்று காத்திருக்காமல், விட்டுப்போன சிறு செயல்களை மீண்டும் தொடங்கி அவற்றின் வழியே மனத்தை மீட்பது. சொல்வதற்கு எளிது, செய்யும்போதுதான் ஆலோசகரின் பழக்கம் குறுக்கே வரும். மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு பெண், தங்கையிடம் பேசியும் மூன்று மாதம் ஆகிறது என்று சொல்லி அழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அழாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும், பிள்ளைங்க முகத்தைப் பார்த்துத் தைரியமா இருங்க" என்பதுதான் நம் வாயில் முதலில் வருகிறது. அன்பான பேச்சுதான், ஆனால் அங்கே ஒரு கதவு மூடிக்கொள்கிறது. அந்த வாரக் கூட்டத்தில் ஒலிப்பதிவைக் கேட்கும் இளைய ஆலோசகர், "அக்கா, தங்கச்சிகிட்ட பேசலைன்னு அவங்களே சொன்னாங்க, அதைக் கேக்காம விட்டுட்டீங்களே" என்கிறார். அடுத்த அமர்வில் அந்தத் தங்கைக்கு என்றைக்கு, எந்த நேரத்தில் போன் செய்வது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். இந்தத் திருத்தம் பயிற்சி வகுப்பில் கிடைக்காது. புத்தகத்தில் படித்ததும், சான்றிதழ் வாங்கியதும், எம்.எஸ்.டபிள்யூ என்ற சமூகப் பணி முதுகலைப் பட்டமும்கூட இதை ஈடு செய்வதில்லை. நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கும் எவரும் சில மாதங்களில் அறிவுரை சொல்பவராக மாறிவிடுகிறார்கள்.

இதைச் சொன்னால், மேற்பார்வைக்கு நிபுணர்களுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கும் கோவாவிலேயே விடை இருக்கிறது. சக ஆலோசகர்கள் இட்ட மதிப்பெண்ணையும் நிபுணர்கள் இட்ட மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டும் நெருங்கியே இருந்தன. அந்த முடிவு 2014-லேயே வெளியாகிவிட்டது. தொடக்கத்தில் ஒரு நிபுணர் உடனிருந்து வழிகாட்டினால், பிறகு குழுவே பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். ஒலிப்பதிவு செய்ய, ஆலோசனைக்கு வந்தவரின் சம்மதம் வேண்டும், பதிவு அறையை விட்டு வெளியே போகக் கூடாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியக் காப்பை உரிமையாகவே வைத்திருக்கிறது. ஆகவே தடையாக இருப்பது நிபுணர் பற்றாக்குறை என்று நான் நம்பவில்லை. ஆலோசனை மையங்களின் மாத அறிக்கையில் 'ஆலோசனை பெற்றவர்கள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மேற்பார்வைக் கூட்டத்துக்கு வாரத்தில் செலவாகும் அரை நாள் அந்தக் கட்டத்தில் சுழியமாகத் தெரியும். எந்த அலுவலரும் சுழியத்துக்கு விளக்கம் எழுத விரும்புவதில்லை.

இதே கோவா குழு அதற்கு முன் நடத்திய மானஸ் ஆய்வையும் (லான்செட், 2010) இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பேசுபவர்கள் குறைவு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களைச் சேர்த்தபோது குணமடைந்தவர்களின் எண்ணிக்கை தெளிவாகக் கூடியது. தனியார் மருத்துவர்களின் கிளினிக்குகளில் சேர்த்தபோது வேறுபாடு தென்படவில்லை. குடும்பத்தைப் பல ஆண்டுகளாக அறிந்த, பெயர் சொல்லிக் கூப்பிடும் டாக்டரிடம் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை, அரசு நிலையங்களில் ஆலோசகர்தான் தரவேண்டியிருந்தது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். இது என் ஊகம். எங்கே, யாருக்கு, எந்த நிலைமையில் பலிக்கிறது என்று பார்க்காமல் 'ஆலோசனை பலன் தருகிறது' என்று மொத்தமாகச் சொல்வது ஆய்வைப் படித்ததாகாது என்பது மட்டும் உறுதி.

நம் சமூகப் பணித் துறைகள் இந்த இடத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. செய்வது என்ன? ஆண்டுதோறும் மாணவர்கள் 60 பேரிடம் வினாத்தாளைக் கொடுத்து வாங்கி, வயதுக்கும் மன அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்று கை-வர்க்கச் சோதனை (chi-square) என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டு, 'குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை' என்று எழுதி, ஜெராக்ஸ் கடையில் கறுப்பு அட்டையில் தங்க எழுத்து பொறித்துச் சமர்ப்பிக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்குப் போகும் அதே மாணவர்கள், அங்கே ஒரு ஆலோசனை அமர்வு எப்படி நடக்கிறது, வந்தவர் இரண்டாம் முறை ஏன் வரவில்லை என்று ஆராய்ந்து எழுதிய ஆய்வேட்டை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தான் செய்வார்கள்.

மேற்பார்வைக் கூட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, அது சமூகப் பணியாளர்களுக்கே உரியது. சோர்வோடு வருகிறவரின் கதையில் குழுக்கடன் தவணையும், கணவரின் குடியும், நின்றுபோன உதவித்தொகையும் கலந்தே இருக்கும். தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது எனக்கு வெட்கமாகவே இருக்கும். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு, மனநலச் சமூகப் பணியாளர்களின் மேற்பார்வையில் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் உதவிய ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. 282 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் மூன்று இடங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப் அதில் பங்கேற்றது. மருந்தைத் தொடரச் செய்வதோடு, உதவித்தொகை, வேலை, அக்கம்பக்கத்துப் புறக்கணிப்பு ஆகியவற்றையும் அந்தப் பணியாளர்கள் கையில் எடுத்தார்கள். பலன் மிதமானதுதான், ஆய்வாளர்களும் மிகைப்படுத்தவில்லை. ஆனால் எந்த அலுவலகத்தில் எந்த மனுவைக் கொடுப்பது என்ற அறிவு, ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போய்ச்சேர, கூடி உட்காரும் நேரம் வேண்டும்.

நடைமுறையில் இதை எங்கே தொடங்கலாம் என்றால், மாவட்ட மனநலத் திட்டத்தில் தொடங்கலாம். 1996-இல் தொடங்கிய அத்திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவரோடு உளவியலாளருக்கும் மனநலச் சமூகப் பணியாளருக்கும் இடம் இருக்கிறது. அவர்களில் ஒருவர் வாரத்தில் அரை நாள் மாவட்டத்திலுள்ள ஆலோசகர்களைக் கூட்டினால் போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்து ஆலோசகர் ஒரு துறை, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்து ஆலோசகர் வேறு துறை, குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் இன்னொரு நிர்வாகம். பலர் ஒப்பந்த ஊழியர்கள்; மையத்தை விட்டு அரை நாள் வெளியே வந்தால் சம்பளம் பிடிபடும். அந்த அரை நாளுக்கு ஓ.டி. (பணியில் இருந்ததாகக் கணக்கு) கொடுத்து ஒரு கையெழுத்து வேண்டும். நீதிமன்றத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், மற்றத் துறைகளை ஒரே மேசையில் கூட்டக்கூடியவர் மாவட்ட ஆட்சியர்தான்.