ஜிரோகாஸ்டரில் ஓர் இரவாவது தங்குங்கள்

சரண்டா கடற்கரையிலிருந்து காலையில் பேருந்தில் புறப்பட்டு, ஜிரோகாஸ்டர் கோட்டையை இரண்டு மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலைக்குள் கடலுக்குத் திரும்பிவிடுவது தெற்கு அல்பேனியாவுக்கு வரும் பலருடைய வழக்கம். நானும் அப்படித்தான் திட்டமிட்டுச் சென்றேன். ஆனால் மூன்று இரவுகள் தங்கினேன். அந்த ஊரை நடந்தே ஏறி இறங்கி, அங்குள்ள வீட்டுச் சமையலைச் சாப்பிட்டால்தான் அறிந்துகொள்ள முடியும் என்பது என் உறுதியான கருத்து.

திரினோ பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்த ஊர் அது. ஒரு வீட்டின் கூரை நிற்கும் உயரத்தில் அடுத்த சந்து தொடங்குகிறது. கூரைகளில் ஓடு கிடையாது. தட்டையான சாம்பல் நிறக் கற்பலகைகளையே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். பழைய கடைவீதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்குச் 'சந்தையின் கழுத்து' என்று பொருள். கறுப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்புமான கற்களைக் கோலம்போலப் பதித்த அந்தத் தெரு, பல தலைமுறைகளின் காலடி பட்டு வழவழப்பாகியிருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த காலையில் நான் சுவரைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தபோது, காய்கறிப் பையுடன் எதிரே ஏறி வந்த மூதாட்டி ஒருவர் நின்று, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து இறங்கும்படி தம் காலாலேயே செய்து காட்டிவிட்டுப் போனார்.

மேலே ஏறினால் 1811–12இல் கட்டப்பட்ட ஸெகாத்தே மாளிகை. அதன் உச்சித் தளத்தில் ஓவியம் தீட்டிய விருந்தினர் அறையும், பள்ளத்தாக்கைப் பார்த்த மரத் திண்ணையும் இருக்கின்றன. என்னை அதிகம் ஈர்த்ததோ அடித்தளத்திலுள்ள நீர்த்தொட்டிதான். கூரையில் விழும் மழைநீரைச் சேமித்து ஆண்டு முழுவதும் புழங்குவதற்காகவே அதை அமைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு இடம் ஒதுக்கிய பிறகே மனிதர்களுக்கு அறைகள் எழுப்பியதுபோல் இருக்கிறது அந்த வீடு.

அதே சிக்கனம் உணவிலும் தெரிகிறது. இந்த ஊருக்கே உரிய பண்டம் சிஃப்சி. வேகவைத்த சோற்றில் முட்டை, புதினா, மிளகு, உப்பு சேர்த்துப் பிசைந்து, நம் பணியாரக்கல்லைப் போலவே குழிகள் கொண்ட சட்டியில் எண்ணெய் விட்டுச் சுடுகிறார்கள். நான் தங்கிய வீட்டு அம்மா ஒவ்வோர் உருண்டையையும் முள்கரண்டி நுனியால் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். எல்லாப் பக்கமும் ஒரே பொன்னிறம் வரும்வரை அவர் அடுப்பை விட்டு நகரவில்லை. வெளியே மொறுமொறுப்பும் உள்ளே புதினா மணமுமாக இருந்த அந்த உருண்டைகளைத் தயிரோடு சாப்பிட்டேன். பிறகு ஓஷாஃப் வந்தது. உலர்ந்த அத்திப்பழத்தை வேகவைத்து மசித்து, வெதுவெதுப்பான ஆட்டுப்பாலில் கலந்து வைத்தால், அத்தியே பாலை உறையச் செய்துவிடுகிறது, உறைமோர் தேவையில்லை.

கோட்டையைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1957இல் தரையிறங்கிய அமெரிக்க விமானம் ஒன்று அங்கே நிற்கிறது. 1968 முதல் தேசிய நாட்டுப்புறக் கலைவிழாவும் அங்கு நடைபெற்றுவருகிறது. நாட்டை நாற்பது ஆண்டுகள் ஆண்ட என்வர் ஹோஜா 1908இலும், எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே 1936இலும் பிறந்த ஊர் இது. இவற்றையெல்லாம் ஒரு முற்பகலில் பார்த்துவிடலாம்.

ஆனால் சந்துகளில் நடப்பவர்தான் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் பார்ப்பார். கம்யூனிச ஆட்சி வீழ்ந்தபின் பலர் வேலை தேடிக் கிரேக்கத்துக்குப் போய்விட்டார்கள். கற்கூரையின் பாரம் மிகுதி. ஆண்டுதோறும் பராமரிக்காவிட்டால் உத்தரம் இற்று, கூரை உள்ளே சரிந்துவிடும். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஊரிலும், கூரையேறிக் கல்லை மாற்றுவதற்குப் பணமும் ஆளும் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடும் பயணியின் பணம் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. அங்கே படுத்துறங்கி, காலை உணவும் உண்பவரின் பணம் சேர்கிறது. நான் தங்கிய வீட்டில் கூரையின் கிழக்குப் பக்கத்தை அந்தக் கோடை வருமானத்தில்தான் புதுப்பித்திருந்தார்கள். மேற்குப் பக்கத்துக்கான கற்பலகைகள் முற்றத்து மாதுளை மரத்தடியில் அடுக்கியபடி காத்திருந்தன.