நவம்பரில் சம்பளம் எவ்வளவு?
நேர்முகத் தேர்வில் நாமும் முதலாளியிடம் கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆனால் எங்கள் திருகோணமலைக்கு வேண்டிய கேள்வி அதில் இல்லை. உப்புவெளியில் ஒரு ஹோட்டலுக்கு வரவேற்பு மேசை வேலை கேட்டுப் போனேன். "ஏதாவது கேட்க இருக்கா?" என்றார் மனேஜர். "இல்லை சேர்" என்று எழும்பி வந்துவிட்டேன். சீசன் முடிந்து மாரி தொடங்கியதும் பாதிச் சம்பளம்தான்!

இப்போது தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: கடற்கரையில் ஆள் இல்லாத மாதங்களில் சம்பளம் எவ்வளவு, விருந்தினரிடம் வாங்கும் சேவைக் கட்டணத்தை ஊழியருக்கு எப்படிப் பிரிப்பார்கள், அப்புறம் ஓய்வுகாலத்துக்கான ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) அவர்கள் பங்கான, சம்பளத்தின் 12 வீதத்தை முதல் மாதத்திலிருந்தே கட்டுவார்களா. கடைசிக் கேள்வியைக் கேட்டதும் போன கிழமை ஒருவர் பேனையை மூடி வைத்துவிட்டாராம். அந்த இடத்துக்கு அவள் போகவில்லை.